எட்டாம் வாசலும் பச்சைக் குடையும்

இது நடந்த கதை. ஒரு சொட்டுக்கூடப் பொய் இல்லை என்று சத்தியம் பண்ணத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் சலூன்காரர் கத்தரியை நிறுத்திவிட்டுக் கண்ணாடி வழியாக என்னை ஒரு பார்வை பார்க்கிறார். சரி, ஒத்துக்கொள்கிறேன். அங்கங்கே கொஞ்சம் இழுத்திருக்கிறேன். இழுக்காமல் எந்தக் கதை நாலு பேர் காதுவரை எட்டியிருக்கிறது? ஆனால் பயந்த இடங்களில் மட்டும் கை வைக்கவில்லை. அவை ஏற்கெனவே வேண்டிய நீளம் இருந்தன. இங்கே வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் பாதி முடியோடு எழுந்து ஓட முடியாது என்கிற தைரியத்தில் ஆரம்பிக்கிறேன்.

நம் கிளப் மைதானத்துக்குப் பன்னிரண்டு வாசல். கிழக்குக் கேலரிக்கு அடியில் இருப்பது எட்டாம் வாசல். அதைக் காத்தவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். பதினெட்டு வருஷத்தில் அது அவருக்கே மறந்துபோயிற்று. எல்லோருக்கும் அவர் எட்டு.

எட்டைப் போலப் பயந்த மனிதர் பிறந்ததும் இல்லை, இனி பிறந்தால் அவரும் எட்டைப் பார்த்து ஆறுதல் அடைவார். பின்னால் தன் நிழல் வந்தால் ஒதுங்கி நின்று அதற்கு வழிவிடுவார். சமையலறையில் கரப்பான்பூச்சியைக் கண்டால் வீட்டை அதன் பெயருக்கே எழுதிக் கொடுத்துவிட்டுத் தெருவில் நிற்பார். கல்யாணத்தன்று போட்டோக்காரர் பளிச்சென்று விளக்கடித்ததும் மேஜைக்கு அடியில் போய்விட்டார். ஆல்பத்தில் இன்றைக்கும் மணப்பெண் மட்டும் தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

அந்த மணப்பெண் அவருக்கு நேர் எதிர். இரண்டு விரலை வாயில் வைத்து அவள் விசிலடித்தால் மைதானத்து நடுவரே தன் விசிலைத் தடவிப் பார்ப்பார். கிழக்குக் கேலரி முழுவதும் அவளை விசிலக்கா என்றுதான் கூப்பிடும். முப்பத்தோராம் படி, அதாவது ஆக உச்சிப்படி, அவளுடைய இடம். அவள் எழுந்தால் நாலாயிரம் பேர் எழுவார்கள், அவள் குதித்தால் நாலாயிரம் பேர் குதிப்பார்கள். மேலே மனைவி, கீழே கணவர், நடுவில் வெறும் கான்கிரீட்.

வாசல்காரர்கள் மைதானத்துக்கு முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டும் என்பது கிளப்பின் சட்டம். அதனால் எட்டு ஒரு ஆட்டத்தையும் கண்ணால் பார்த்ததில்லை. காலால்தான் பார்ப்பார். நம் ஆட்கள் பந்தைக் கொண்டுபோனால் உள்ளங்கால் குறுகுறுக்கும். கோல் விழுந்தால் முழங்கால்வரை ஏறும். வாசலுக்குப் பக்கத்துத் தூணில் இடுப்பு உயரத்துக்கு ஒரு விளிம்பு உண்டு. தன் டீ கிளாஸை அதன் மேல்தான் வைப்பார். நம் அணி ஒரு கோல் போட்டால் கிளாஸ் இரண்டு விரல்கடை நகரும். நகர்ந்த இடத்தில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டு, கிளாஸைத் திரும்ப எடுத்து வைப்பார். பதினெட்டு வருஷமாக இரண்டு விரல்தான்.

அந்த வருஷம் அது நாலு விரலாயிற்று. பிறகு ஆறு. தூணில் தலைமுடி மாதிரி இருந்த கீறலில் முதலில் காகிதம் நுழைந்தது. அடுத்த மாதம் மடித்த பஸ் டிக்கெட் நுழைந்தது. அதற்கடுத்த மாதம் எட்டுக்குச் சோறு இறங்கவில்லை.

வாசல்காரர்கள் எல்லோருக்கும் மேலாளர் அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன். வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான், அதைத் தினம் ஞாபகப்படுத்துவதும் அவர்தான்.

"மச்சான், தூண்ல கீறல் பெருசாயிட்டே போகுது."

"போன வாரம் எங்க வீட்டு ஃபேன் விழப் போகுதுன்னீங்க."

"அது சத்தம் போட்டுச்சு."

"ஃபேன் சத்தம் போடாம பின்ன பாட்டா பாடும்? மாப்ளே, இஞ்சினியர் வந்து தட்டிப் பாத்தாச்சு. மேல சிமெண்ட் பூசி பெயிண்ட் அடிச்சாச்சு. போய்ப் பாருங்க, கல்யாணப் பொண்ணு மாதிரி நிக்குது தூண்."

"பொண்ணுக்கு பவுடர் போட்டா காய்ச்சல் போயிடுமா மச்சான்?"

மச்சான் சிரித்தார். பக்கத்தில் நின்ற ஏழாம் வாசல்காரரும் சிரித்தார். பயந்தவன் வாயிலிருந்து வந்தால் உண்மைக்கும் மரியாதை கிடையாது.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். மைதானத்தில் ஆபத்து என்றால் ஒலிபெருக்கியில் "ஆபத்து" என்று கத்தமாட்டார்கள். கத்தினால் ஆபத்தைவிடக் கூட்டம்தான் முதலில் ஆளைக் கொல்லும். அதற்காகக் கிளப்பில் ஒரு ரகசிய வாசகம் வைத்திருந்தார்கள். "பச்சைக் குடையைத் தொலைத்தவர் எட்டாம் வாசலுக்கு வரவும்." அவ்வளவுதான். கேட்பவர்களுக்கு அது சாதாரணக் குடை. வாசல்காரர்களுக்கு மட்டும் அதன் பொருள் வேறு: எட்டாம் வாசல் பக்கத்துக் கேலரி விழப் போகிறது, சுற்றியுள்ள வாசல்களையெல்லாம் திற, ஓடாதே, சிரித்த முகத்தோடு ஆட்களை வெளியே விடு. பச்சைக் குடையோடு ஆட்டத்துக்கு வர யாருக்கும் அனுமதி கிடையாது, குழப்பம் வந்துவிடும் என்று. பதினெட்டு வருஷத்தில் ஒரு தடவையும் அந்த வாசகம் ஒலித்ததில்லை. ஒவ்வொரு ஆட்டத்தன்றும் காலையில் பல் துலக்கும்போதே எட்டின் வயிறு கேட்கும்: இன்றைக்குக் குடையா?

கடைசி ஆட்டம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஜெயித்தால் கிளப் முதல் டிவிஷனில் இருக்கும். சமம் ஆனாலும் கீழே போய்விடும். கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம், ஒருவர் தும்மினால் பத்தாவது ஆள் மூக்கைத் துடைத்துக்கொண்டார். வழக்கமான அறிவிப்பாளருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் பஸ் நிலையத்தில் அறிவிப்புச் சொல்பவரைக் கடைசி நேரத்தில் பிடித்துப்போட்டிருந்தார்கள். அவர் அணியைப் படித்ததே "பத்தாம் எண், நடுவழியாக, முன்னோக்கிச் செல்லும்" என்கிற மாதிரிதான் இருந்தது. அவசரத்தில் குடை ரகசியத்தை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

முதல் பாதியில் எதிரணி ஒரு கோல் போட்டது. கிழக்குக் கேலரி செத்த வீடு மாதிரி ஆயிற்று. மைதானத்தில் நம் ஆட்களிலேயே அதற்குச் சந்தோஷப்பட்டவர் எட்டு ஒருவர்தான். கிளாஸ் அசையவில்லை.

இரண்டாம் பாதியில், ஆட்டம் முடிய இருபத்தைந்து நிமிஷம் இருக்கும்போது, நம் அணி ஒரு கோலைத் திருப்பிப் போட்டது.

நாலாயிரம் பேர் குதித்தார்கள். கிளாஸ் இரண்டு விரலும் நகரவில்லை, ஆறு விரலும் நகரவில்லை. விளிம்பைத் தாண்டிப் போய்த் தரையில் உடைந்தது. கூடவே தூணில் பூசிய புது சிமெண்ட் ஒரு கதவு அளவுக்குப் பெயர்ந்து அவர் காலடியில் விழுந்தது. உள்ளே கீறல். எட்டு வாசல் சாவியை எடுத்தார். ஒரு சாண் நீளச் சாவி. கீறலில் வைத்து அழுத்தினார். வளையம்வரை உள்ளே போயிற்று. கீறலுக்குள்ளிருந்து யாரோ பல்லைக் கடிப்பது போல மெல்லிய சத்தம் கேட்டது.

வாக்கி டாக்கியை எடுக்க மூன்று தடவை கை தவறியது.

"மச்சான். தூண் விட்டுடுச்சு. சாவி முழுசா உள்ள போகுது."

"மாப்ளே, இன்னிக்கு வேணாம்."

"இன்னொரு கோல் விழுந்தா இவங்க குதிப்பாங்க. குதிச்சா இது நிக்காது."

"இன்னொரு கோலுக்குத்தான் ஊரே வேண்டிக்கிட்டு நிக்குது. நீங்க ஒருத்தர் அது வேணாங்குறீங்களா? ஆட்டத்து நடுவுல நாலாயிரம் பேரை வெளிய விட்டா என் தலை இருக்காது."

"உங்க தங்கச்சி மேல இருக்கா, மச்சான்."



"அவ உங்களை மாதிரி கிடையாது. தைரியசாலி," என்று சொல்லிவிட்டு மச்சான் அணைத்துவிட்டார்.

தைரியசாலி என்றால் கான்கிரீட் தள்ளி விழுமா? எட்டு மனைவிக்குப் போன் போட்டார்.

"இறங்கி வா."

"என்னது?"

"இறங்கி வான்னேன்."

"எறக்கி விட்டாங்களா? யாரை? பதினொண்ணாம் நம்பரையா? அவன் நல்லாத்தானே ஆடுறான்."

"தூணு, தூணு."

"பூண்டா? வரும்போது வாங்கியாறேன். வைங்க."

மேலே ஓர் அலறல் எழுந்தது. எட்டு கண்ணை மூடிக்கொண்டார். அலறல் பெருமூச்சாகி இறங்கியது. பந்து வெளியே போயிருக்கிறது. பிழைத்தோம். ஆனால் உள்ளங்கால் விடாமல் குறுகுறுத்தது. நம் ஆட்கள் முற்றுகை போட்டிருக்கிறார்கள். எந்த நிமிஷமும் விழும், முதலில் கோல், பிறகு கேலரி.

அப்போதுதான் கெட்டிலோடு டீக்காரர் அந்தப் பக்கம் வந்தார். மைதானத்தில் தடையில்லாமல் எல்லா இடத்துக்கும் போகக்கூடியவர் அவர் ஒருவர்தான், அறிவிப்பாளர் அறை உட்பட. காணாமல் போன பொருள், காணாமல் போன ஆள் எல்லாவற்றுக்கும் சீட்டெழுதி அவரிடம் கொடுத்தால் போதும். எட்டின் மண்டைக்குள் குடை விரிந்தது.

எழுத்து அவருக்கு எப்போதுமே கொஞ்சம் தகராறுதான். அதிலும் விரல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. சிகரெட் அட்டையின் பின்புறம் எழுதி டீக்காரர் கையில் திணித்தார்.

"அண்ணே, ஓடுங்க. உடனே படிக்கச் சொல்லுங்க."

"என்னப்பா, மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி இருக்கு?"

"ஓடுங்கண்ணே."

டீக்காரர் வாழ்க்கையில் முதல்முறையாக டீ ஊற்றாமல் ஓடினார்.

எட்டு ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தார். நூற்று எண்பது வந்தபோது ஒலிபெருக்கி கரகரத்தது.

"பயணிகள்... மன்னிக்கவும், ரசிகர்களின் கனிவான கவனத்திற்கு. பச்சைக் குடத்தைத் தொலைத்தவர் உடனடியாக எட்டாம் வாசலுக்கு வரவும்."

குடம்.

என்ன நடந்தது என்று எட்டுக்கு உடனே புரிந்துவிட்டது. அவசரத்தில் "பச்சைக் குடை தொலைத்தவர்" என்று சுருக்கி எழுதியபோது, டகரத்துக்கு முன்னால் போட வேண்டிய கொம்பை நடுங்கிய கை போடாமல் விட்டிருந்தது. குடை என்பது வெறும் "குட" என்று நின்றிருக்கிறது. பஸ் நிலையத்து மனிதர் நல்லவர், பாவம், எழுத்து குறைகிறதே என்று தன் பங்குக்கு ஒரு மகரத்தைச் சேர்த்துவிட்டார்.

மைதானமே சிரித்தது. பந்தாட்டத்துக்குக் குடம் கொண்டுவந்தவன் எவன் என்று ஆளாளுக்குத் திரும்பிப் பார்த்தார்கள். வாக்கி டாக்கியில் வாசல்காரர்களின் குரல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறின.

"குடமா குடையா?"

"குடம்னுதான் சொன்னாரு."

"குடைன்னாத்தானே திறக்கணும்? குடத்துக்கு என்ன பண்ணணும்?"

"தண்ணி பிடிக்கணும்."

பிறகு மச்சானின் குரல்: "ஒருத்தரும் திறக்கக் கூடாது. இது யார் வேலைன்னு எனக்குத் தெரியும். மாப்ளே, காதுல விழுதா? கை வச்சீங்க, இன்னியோட வேலை போச்சு."

எட்டு சாவியைக் கீறலிலிருந்து உருவினார். உருவியதும் மறுபடி அந்தப் பல் கடிக்கும் சத்தம். பூட்டில் சாவி நுழைய மறுத்தது. அதாவது பூட்டு ஒரு பக்கம் நின்றது, சாவி மூன்று பக்கம் போயிற்று. இரண்டு கையாலும் பிடித்து எப்படியோ திறந்து, இரண்டு கதவையும் சுவர்வரை தள்ளிவிட்டு நின்றார்.

ஒருத்தரும் வரவில்லை. ஏன் வருவார்கள்? ஒரு கோல் தூரத்தில் கிளப்பின் உயிர் இருக்கும்போது, கதவு திறந்திருக்கிறதே என்று எந்த மடையன் வெளியே போவான்?

எட்டு மேலே பார்த்தார். முப்பத்தொரு படி. நாற்காலி மேல் ஏறிப் பல்பு மாட்டவே மனைவியைக் கூப்பிடுகிறவர். விழப்போகிறது என்று உலகத்திலேயே தனக்கு ஒருவனுக்கு மட்டும் தெரிந்த ஒரு பொருளின் மேல் ஏற வேண்டும். காலைப் பார்த்து "போ" என்றார். கால் "நீ போ" என்றது. கடைசியில் இரண்டுமாகச் சேர்ந்து போயின. கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் பாதத்தைப் பூ வைப்பது போல வைத்து ஏறினார். பதினைந்தாம் படியில் கூட்டம் மறுபடி எழுந்தது. படி அவருக்கு அடியில் படகு மாதிரி ஒரு தரம் ஆடி நின்றது. யாரும் கவனிக்கவில்லை. அவருக்கு மட்டும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மைதானத்தின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. தலைகளுக்கு நடுவே மனைவியின் சிவப்பு ஸ்வெட்டரை மட்டும் தேடினார்.

"நீங்க இங்க எதுக்கு வந்தீங்க?" என்றாள் மனைவி. "வாசலை விட்டுட்டு வந்தா அண்ணன் திட்டுவாரே."

"தூண் விட்டுடுச்சு. கோல் விழுந்து இவங்க குதிச்சா எல்லாரும் கீழ போயிடுவோம். வாசலைத் திறந்து வச்சிருக்கேன். வா."

"ஆரம்பிச்சுட்டீங்களா? அன்னிக்கு ஃபேனு, இன்னிக்கு..."

அவர் அவள் கையைப் பிடித்தார். அவள் பேச்சு நின்றது. இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கையை அவளுக்குத் தெரியும். டெலிபோன் அடித்தால் நடுங்கும், பூனை குறுக்கே போனால் நடுங்கும், தூங்கும்போதுகூட லேசாக ஆடும். இப்போது அது ஐஸ் மாதிரி இருந்தது, துளிகூட ஆடவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்தாள். பயம் என்றால் என்னவென்று அவள் தெரிந்துகொண்டது அந்த நிமிஷத்தில்தான்.

"எவ்வளவு நேரம் இருக்கு?" என்றாள்.

"தெரியல. அடுத்த கோல் வரைக்கும்."

அவள் விரலை வாயில் வைத்து அடித்தாள். கேலரி முழுக்கத் திரும்பியது.

"எல்லாரும் கேளுங்கப்பா. இங்க இருந்து கத்துறது அவங்க கோலிக்குக் கேக்கவே இல்ல. தெற்கு கோல் பின்னாடி சுவர்கிட்ட எடம் இருக்கு. எட்டாம் வாசல் திறந்திருக்கு. மொத்தமா போயி அவன் முதுகுக்குப் பின்னாடி நின்னு கத்துவோம். அவன் கால் நடுங்கணும்."

"சூப்பர்க்கா," என்றான் மேளக்காரன்.

"மேளம் இப்ப அடிக்காதே. குதிக்கக் கூடாது, ஓடக் கூடாது. பூனை மாதிரி எறங்கணும். அவனுக்குத் தெரியாம போயி நிக்கணும், புரியுதா? எவனாவது தொம்முனு கால் வச்சா அடுத்த வருஷம் என் பக்கத்துல எடம் கிடையாது."

நாலாயிரம் பேர் பூனையாகி இறங்கியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உதட்டில் விரலை வைத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் "உஷ்" என்று அடக்கிக்கொண்டு இறங்கினார்கள். எமனின் மடியிலிருந்து இறங்குகிறோம் என்று தெரியாமல் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள்.

மச்சான் தலைதெறிக்க ஓடிவந்தார். கதவை மூடத்தான் வந்தார். கதவுப் பக்கம் போக வழியில்லாமல் கூட்டம் அவரைத் தூணோடு ஒதுக்கியது. தூணைப் பார்த்தார். கீறலில் இப்போது சாவி தேவையில்லை, அவருடைய கையே நுழையும். உள்ளே துருப்பிடித்த கம்பிகள் ஒவ்வொன்றாக விலகிக்கொண்டிருந்தன. மச்சான் சுவரோரமாக நகர்ந்து கதவை எட்டினார். கதவில் முதுகைக் கொடுத்து, அது காற்றுக்குக்கூட மூடிக்கொள்ளாதபடி நின்றுகொண்டு, வருகிறவர்களையெல்லாம் "மெதுவா, மெதுவா" என்று கைகூப்பினார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை.

மேலே எட்டும் மனைவியும்தான் கடைசி. நடுவில் காலில் மாவுக்கட்டுப் போட்ட ஒருவர் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்தார். ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டார்கள். இருபதாம் படி. பதினேழு. மைதானத்தின் மற்ற மூன்று பக்கமும் ஒன்றாக எழுந்தது. கார்னர் உதை என்று யாரோ கத்தினார்கள்.

"நின்னு பாக்காதே," என்றார் எட்டு.

"பாக்கல," என்றாள் அவள். அவரிடம் அவள் சொன்ன முதல் பொய் அது. ஒரு கண்ணால் பார்த்தாள்.

ஒன்பதாம் படி. நாலு. தரை. வாசலைத் தாண்டி இருபது அடி போயிருப்பார்கள். மைதானம் வெடித்தது. கோல் என்ற சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம், மலை ஒன்று தொண்டையைச் செருமியது போல. கிழக்குக் கேலரியின் மேல் பன்னிரண்டு படி முதலில் உட்கார்ந்தது, அதன் பாரத்தில் நடுப்படிகள் மடங்கின. எட்டாம் வாசல் இருந்த இடத்திலிருந்து வெள்ளைப் புழுதி கிளம்பி எல்லோர் தலையையும் ஒரே வயதாக்கியது. ஒருத்தர் மேல் ஒரு கல் படவில்லை.

மச்சான் எங்கே என்று எட்டு கத்தினார். புழுதிக்குள்ளிருந்து, கதவின் கைப்பிடியைக் கையில் பிடித்தபடி, கதவு இல்லாமல் வந்தார் மச்சான்.

"மாப்ளே," என்றார். கைப்பிடியை எட்டிடம் நீட்டினார்.

எட்டு தரையில் உட்கார்ந்தார். அப்போதுதான் கைநடுக்கம் திரும்பி வந்தது. கை, தோள், தாடை எல்லாம் சேர்ந்து ஆடின. மனைவி அவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆடியது அவரா அவளா என்று சொல்ல முடியவில்லை.

ஆட்டம் அத்தோடு நின்றுபோயிற்று. லீக் ஆபீஸில் ஒன்பது பேர் உட்கார்ந்து அந்தக் கோலைப் பற்றி என்ன முடிவெடுத்தார்கள் என்றால்...

"என்ன முடிவு? கோல்னா கோல்தான்," என்று ஷேவிங் நாற்காலியிலிருந்து எழுந்தார் ஏழாம் வாசல்காரர். ஒரு கன்னம் முழுக்க நுரை. "பந்து உள்ள போனப்புறம்தான் கேலரி விழுந்துச்சு."

"யாரு சொன்னா?" என்றார் பெஞ்சில் இருந்த டயர்க்கடைக்காரர். அவர் அன்றைக்கு எதிரே ஆடிய அடுத்த ஊர் அணிக்காரர். "கேலரி விழுந்த சத்தத்துல எங்க கோலி திரும்பிப் பாத்தான். அப்பத்தான் பந்து போச்சு."

"உங்க கோலி என்னிக்குத்தான் பந்தைப் பாத்தான்?"

"நடுவர் முன்னாடியே விசில் அடிச்சுட்டாருய்யா."

"எத்தனை தடவை அடிச்சாரு, சொல்லு பாப்போம்?"

"ஏழண்ணே, உக்காருங்க, என் கையில கத்தி இருக்கு," என்றார் சலூன்காரர்.

"நீ சும்மா இரு. நீயும் அன்னிக்கு மேற்குக் கேலரியிலதானே இருந்தே? வாயைத் திறந்து சொல்லு, கோலா இல்லையா?"

சலூன்காரர் கத்தியைத் துடைத்தார். "கோடு தாண்டல," என்றார்.

ஏழாம் வாசல்காரர் கழுத்துத் துண்டைப் பிடுங்கி எறிந்தார். டயர்க்கடைக்காரர் பெஞ்சு மேல் ஏறினார்.